சர்க்கரைக் கிண்ணத்தைக் கழுவிய அக்கா

வெர்மான்ட்,
மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருப்பதையும், அத்தான் ஒருவழியாகப் பின்கட்டு ஓடுகளை மாற்றி முடித்துவிட்டதையும் அறிந்து நிம்மதியாக இருக்கிறது. "மாசக்கணக்கில் பனி கொட்டும் ஊரில் மாலை நேரங்களை எப்படித்தான் தள்ளுகிறாய்?" என்று கேட்டிருந்தீர்கள். வழக்கமாக எழுதும் சமையல், சம்பளம், சளி இருமல் எல்லாவற்றையும் இந்த முறை ஒதுக்கிவிட்டு அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்; ஏனென்றால் பத்து நாட்களாக ஒரு நாவலும், அதைப் பற்றி இவ்வூர்க்காரர்கள் சொன்ன கருத்துகளும் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இவ்வூர் நூலகத்தில் மாதம் ஒரு முறை, வியாழக்கிழமை மாலையில், பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து பேசுகிறார்கள். நான் இந்த நவம்பரில்தான் சேர்ந்தேன். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் வாய் திறப்பதில்லை. கடுமையான மறுப்பைக்கூட "நீங்கள் சொல்வது புரிகிறது" என்று தொடங்கித்தான் சொல்கிறார்கள். நம் வீட்டுத் திண்ணையில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசி, நான்கு பேருக்கும் மற்றவர் சொன்னது விளங்கிவிடும் பழக்கத்தில் வளர்ந்த எனக்கு, முதல் இரண்டு மாதங்கள் பேசவே வரவில்லை.

பிப்ரவரி மாதத்துக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சன் 1962-இல் எழுதிய 'வீ ஹாவ் ஆல்வேஸ் லிவ்டு இன் த காஸில்' என்ற நாவல். 'நாங்கள் எப்போதும் கோட்டையில்தான் வாழ்ந்து வருகிறோம்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஜாக்சன் வாழ்ந்த நார்த் பென்னிங்டன் என்ற சிற்றூர் இங்கிருந்து காரில் அரை மணி நேரத் தொலைவுதான். கணவர் அருகிலுள்ள கல்லூரியில் ஆசிரியர். ஜாக்சன் நான்கு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே எழுதி, 1965-இல் தம் 48-ஆவது வயதில் அங்கேயே இறந்தார். எழுதி முடித்து வெளியிட்ட கடைசி நாவல் இதுவே.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரகசியத்தை உடைத்துவிட்டாள் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த ரகசியம் பாதிப் புத்தகத்துக்கு முன்பே வாசகருக்குத் தெரிந்துவிடக்கூடியதுதான். ஊருக்குச் சற்று ஒதுங்கிய பெரிய வீடு. அதில் மெரிகேட் என்று அழைக்கப்படும் பதினெட்டு வயதுப் பெண், அவளுக்குப் பத்து வயது மூத்த அக்கா கான்ஸ்டன்ஸ், சக்கர நாற்காலியில் இருக்கும் சித்தப்பா ஜூலியன், ஒரு பூனை. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவுச் சாப்பாட்டின்போது, பழத்தின்மேல் தூவிக்கொள்ளும் சர்க்கரையில் ஆர்செனிக், அதாவது நம் ஊரில் எலிப் பாஷாணம் என்பார்களே அது, கலந்திருந்ததால் அப்பா, அம்மா, தம்பி, சித்தி நால்வரும் இறந்தார்கள். ஜூலியன் பிழைத்தார், ஆனால் உடம்பும் புத்தியும் பழையபடி ஆகவில்லை. சமைத்தவள் கான்ஸ்டன்ஸ்; அவள் சர்க்கரை சேர்த்துக்கொள்ளாதவள்; போலீஸ் வருவதற்கு முன்பே சர்க்கரைக் கிண்ணத்தைக் கழுவியும் வைத்துவிட்டாள். வழக்கு நடந்து அவள் விடுதலையானாள், ஆயினும் ஊர் அவளை விடுதலை செய்யவில்லை. அன்றைக்குப் பன்னிரண்டு வயதாக இருந்த மெரிகேட், ஏதோ குற்றத்துக்காகச் சாப்பாடு இல்லாமல் அறைக்கு அனுப்பப்பட்டிருந்தாள். கதை முழுவதையும் சொல்பவள் அவள்தான்; சர்க்கரையில் விஷம் கலந்தவளும் அவள்தான்.

கூட்டத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, மேசை நடுவில் ஒரு கண்ணாடிப் பாத்திரம் நிறைய பிளாக்பெர்ரிப் பழமும், பக்கத்தில் மூடியுடன் ஒரு வெள்ளைப் பீங்கான் சர்க்கரைக் கிண்ணமும் வைத்திருந்தார்கள். நாவலில் வரும் அதே பழம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் செய்த குறும்பு அது. எல்லோரும் சிரித்தார்கள், பழத்தை எடுத்துக்கொண்டார்கள், ஆனால் கிண்ணத்தின் மூடியை ஒருவரும் திறக்கவில்லை. காப்பிக்குச் சர்க்கரை இல்லாமல் எனக்கு ஆகாதென்பது உங்களுக்குத் தெரியும். நான் எட்டி இரண்டு கரண்டி எடுத்துப் போட்டேன். அந்த இரண்டு விநாடி அறையில் அத்தனை கண்களும் என் கரண்டியின்மேல் இருந்தன. அதற்குப் பிறகுதான் எனக்கு அங்கே பேச்சு வந்தது என்று நினைக்கிறேன்.

கருத்துகளைச் சொல்கிறேன். பாட்டியுடன் வந்திருந்த பதினேழு வயது மாணவி முதலில் பேசினாள். மெரிகேட்டைத் தனக்கு மிகவும் பிடித்துவிட்டதாகவும், அந்தப் புத்தகத்தில் தான் நேசிப்பதைக் காப்பாற்றத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்றும் கண் பளபளக்கச் சொன்னாள். அவள் பாட்டி பேத்தியைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. ஆசிரியை உடனே அதைத்தான் எடுத்துக்கொண்டார்: நால்வரைக் கொன்ற ஒருத்தியின் பக்கம் நம்மை நிற்கவைப்பதுதான் இந்த நூலின் வேலைத்திறன்; மண்ணில் பொம்மையையும் காசையும் புதைத்து வைத்து, மரத்தில் புத்தகத்தை ஆணியடித்து வீட்டுக்குக் காவல் போடும் ஒரு குழந்தையின் குரலில் எல்லாவற்றையும் கேட்பதால், பணத்துக்காக வந்து சேரும் உறவினன் சார்லஸ்தான் நமக்கு வில்லனாகத் தெரிகிறான், விஷம் வைத்தவள் தெரிவதில்லை என்றார். மருத்துவமனையில் செவிலியாக இருக்கும் ஒருவர், தமக்கு மெரிகேட்டைவிடக் கான்ஸ்டன்ஸ்தான் பயம் தருகிறாள், எல்லாம் தெரிந்தும் சிரித்த முகத்தோடு ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பவளைப் போல் பயங்கரம் வேறில்லை என்றார்.

இன்னொருவர் சொன்னது வேடிக்கையானது. மெரிகேட் உயிரோடு இல்லவே இல்லை, அவள் ஆவி என்பது அவர் கட்சி. வழக்கு நடந்த காலத்தில் அநாதை விடுதியில் இருந்த மெரிகேட் அங்கேயே இறந்துபோனாள் என்று ஜூலியன் ஓரிடத்தில் சொல்வதும், அவளோடு அவர் நேரடியாகப் பேசாததும் அவருக்கு ஆதாரம். கடைக்குப் போகிறாள், ஊர்க்காரர்கள் வம்புக்கு இழுக்கிறார்கள், சார்லஸ் அவளோடு சண்டை போடுகிறான். ஆவியோடு யார் சண்டை போடுவார்கள் என்று நான்கு பேர் மறுத்தார்கள். எனக்கும் அது ஒப்புக்கொள்ள முடியாத வாசிப்புதான். ஆனால் அவர் அதை இருபது ஆண்டுகளாக நம்பி வருகிறாராம். அந்தப் பிடிவாதத்தை நான் ரசித்தேன்.

என்னை உண்மையில் உலுக்கியது ஒரு பண்ணைக்காரப் பாட்டியின் பேச்சு. மேப்பிள் தோப்பு வைத்திருப்பவர். இந்தப் பருவத்தில் மரத்தில் துளையிட்டு இனிப்பு நீர் இறக்கி, நாற்பது பங்கு நீரை ஒரு பங்கு பாகாகும்வரை காய்ச்சுகிறார்கள். பதநீர் காய்ச்சும் விடிலியின் வாசனை அறிந்த உங்களுக்கு அந்தக் கொட்டகைக்குள் நின்றால் கண் கலங்கும். அவர் சொன்னார்: "எல்லாரும் அந்தப் பெண்களுக்காகப் பரிதாபப்படுகிறீர்கள். ஊர்க்காரர்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையாவது எழுதியிருக்கிறாளா அந்த ஜாக்சன்?" ஊர் ஜனம் நெடுஞ்சாலைக்குக் குறுக்குவழியாக நடந்துகொண்டிருந்த பாதையை, வாசலில் கண்டவர்களும் நடமாடக்கூடாதென்று அந்தக் குடும்பம் வேலி போட்டு அடைத்ததை அவர் பக்க எண் சொல்லிக் காட்டினார். நான் அதைப் படித்துவிட்டுக் கடந்து போயிருந்தேன், அக்கா. பாதைத் தகராறில் மூன்று தலைமுறை பேசாமல் இருந்த குடும்பங்களை அறிந்த நான், அதைக் கவனிக்காமல் விட்டேனே என்று வெட்கமாக இருந்தது. மெரிகேட்டின் குரல் என்னையும் வேலிக்கு உள்ளே இழுத்து வைத்துக்கொண்டிருக்கிறது.

பாட்டியின் கோபத்துக்கு வேறு காரணமும் உண்டு. ஜாக்சன் 1948-இல் நியூயார்க்கர் இதழில் 'த லாட்டரி' என்ற சிறுகதையை வெளியிட்டார். சிற்றூர் ஒன்று ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கி, சீட்டு விழுந்தவரைக் கல்லால் அடித்துக் கொல்லும் கதை. அந்தக் கோடையில் அவருக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. அவற்றுள் அன்பாக எழுதப்பட்டவை பதின்மூன்றுதான், அவையும் பெரும்பாலும் நண்பர்கள் எழுதியவை என்று அவரே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். திட்டியவர்களைவிட, இந்தச் சடங்கு எந்த ஊரில் நடக்கிறது, நாங்கள் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டு எழுதியவர்களை நினைத்தால்தான் எனக்குக் குலை நடுங்குகிறது. இப்படி இரண்டு கதைகளிலும் கல்லெறியும் ஊராகத் தங்கள் பக்கத்து ஊர் நிற்பதாகப் பாட்டி எண்ணுகிறார். அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையிலிருந்து வந்தவர் ஜாக்சன், கணவர் யூதர், அந்தச் சிற்றூரில் அவர்கள் கடைசிவரை வெளியாட்களாகவே உணர்ந்ததாக வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. இந்த ஊர்க் கடையில் நான் நுழைந்ததும் பேச்சு ஒரு கணம் நின்று, பிறகு சற்று அதிகமான அன்போடு தொடரும் அனுபவம் எனக்கும் உண்டு. ஆனால் முதல் பனிப்புயலின்போது, கேட்காமலேயே என் வாசற்பனியை வாரிவிட்டுப் போனவர் இந்தப் பாட்டியின் மகன். ஆகவே நான் எந்தக் கட்சியிலும் முழுதாகச் சேர முடியவில்லை.

என் முறை வந்தபோது நான் இரண்டு செய்திகளைச் சொன்னேன். முதலாவது, அந்தச் சாப்பாடு. பிள்ளையைச் சாப்பாடு இல்லாமல் படுக்கைக்கு அனுப்புவது இங்கே பழைய காலத்துச் சாதாரண தண்டனை போலும். யாரும் அந்த வரியில் நின்று யோசிக்கவில்லை. அடித்தாலும் வைதாலும் இலை போட்டுக் கூப்பிடும் வீட்டில் வளர்ந்தவளுக்கு, விஷத்தைவிட அந்தத் தண்டனைதான் முதல் கொடுமையாகத் தெரிந்தது என்றேன். அப்பாவின் ரேடியோவை நான் போட்டு உடைத்த அன்று, பயந்து மச்சில் ஒளிந்துகொண்ட எனக்கு நீங்கள் ரசஞ்சோற்றைக் கிண்ணத்தில் பிசைந்து எடுத்து வந்து, இருட்டில் உருண்டை உருண்டையாகக் கையில் வைத்ததைச் சொன்னேன். கான்ஸ்டன்ஸும் அப்படித்தான், தண்டனை நாட்களில் அப்பா எழுந்து போனபின் பின்படிக்கட்டு வழியாகத் தங்கைக்குத் தட்டில் உணவு கொண்டுபோவாள். அந்த ஒரு வரியைச் செவிலியும் மறந்திருந்தார். புத்தகத்தைப் புரட்டித் தேடி எடுத்து, தம் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார்.

இரண்டாவது, முடிவு. வீட்டில் தீப்பிடிக்கிறது, அணைக்க வந்த தீயணைப்புத் தலைவரே, அணைத்து முடித்ததும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு முதல் கல்லை எறிகிறார், ஊரே உள்ளே புகுந்து பாத்திரம் பண்டங்களை நொறுக்குகிறது. அன்றிரவே ஜூலியன் இறந்துபோகிறார். கூரை போன வீட்டில், கொடி படர்ந்த சமையலறைக்குள் அக்காவும் தங்கையும் அடைந்துகொள்கிறார்கள். பிறகு ஊர்க்காரர்கள் இருட்டியபின் வந்து, தட்டை உடைத்ததற்கும் திரையைக் கிழித்ததற்கும் மன்னிப்புக் கேட்டுச் சீட்டு எழுதி, கோழியும் பணியாரமும் வாசற்படியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். வீட்டை நிமிர்ந்து பார்க்கக்கூடாதென்று பிள்ளைகளை மிரட்டுகிறார்கள். பெரும்பாலோர் இதைக் குற்றவுணர்ச்சி என்றார்கள். எனக்கு இசக்கியம்மன் நினைவு வந்தது. அநியாயமாகச் செத்தவளைத் தெய்வமாக்கி, பயந்து பயந்து படையல் வைத்து, கொடை விழாவில் வில்லுப்பாட்டாக அவள் கதையையே அவளுக்குச் சொல்லிக் காட்டும் ஊரிலிருந்து நான் வருகிறேன். அந்த வாசற்படியில் இருப்பது எனக்குப் படையலாகத்தான் தெரிகிறது, இரண்டு பெண்களும் உயிரோடு இருக்கும்போதே தெய்வமாகிவிட்டார்கள் என்றேன். பதினேழு வயதுக்காரி இசக்கி என்ற பெயரை மூன்று முறை சொல்லிப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டாள். பண்ணைப் பாட்டி மட்டும், "அப்படியானால் சமையல் செய்து கொண்டுபோய் வைத்தவர்கள் நாங்கள்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவருக்கு அது திருப்தியாக இருந்தது. போகும்போது ஒரு புட்டி மேப்பிள் பாகு கொடுத்தார். இட்லிக்குத் தொட்டுக்கொண்டேன், மோசமில்லை.

புத்தகத்தைத் தனியே தபாலில் அனுப்பியிருக்கிறேன். நூற்றைம்பது பக்கத்துக்குள்தான் வரும், இரண்டு மதியங்களில் முடித்துவிடுவீர்கள். அம்மாவிடம் கதையைச் சொல்ல வேண்டாம். பிறகு சர்க்கரை டப்பாவைப் பூட்டி வைப்பார்கள். அத்தானிடம் வேலி விஷயத்தைக் கட்டாயம் கேளுங்கள்.

படித்து முடித்ததும் ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். கிண்ணத்தில் சிலந்தி இருந்தது, அதனால் கழுவினேன் என்று கான்ஸ்டன்ஸ் சொல்கிறாள். அதை அந்த அறையில் ஒருவரும் நம்பவில்லை. நம் இருவருக்கும் அவர்களைப் போலவே பத்து வயது வித்தியாசம். நீங்களாக இருந்தால் கழுவியிருப்பீர்களா?

உங்கள் அன்புத் தங்கை