எங்கள் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

வணக்கம். போன ஆண்டறிக்கை ரொம்ப நீளம் என்று கூட்டம் முடிந்த கையோடு, கறி சுடும் அடுப்புப் பக்கத்தில் வைத்தே சொல்லிவிட்டார்கள். இந்த முறை சுருக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. டெக்சஸின் லா சால் மாவட்டத்துப் பண்ணைக்காரர்களான நம் மான் மேலாண்மைச் சங்கத்தின், 2024 செப்டம்பர் முதல் 2025 ஆகஸ்ட் வரைக்குமான அறிக்கை இது. நவம்பர் 1-ஆம் தேதி மான் வேட்டை சீசன் திறப்பதற்குள் எல்லார் கைக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதால் அதற்குப் பிறகு நடந்த ஒன்றிரண்டையும் சேர்த்திருக்கிறேன்.

குத்தகைக்குப் புதிதாக வந்திருக்கும் வேட்டைக்காரர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். டெக்சஸில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட நிலம் தனியாருடையது. ஆனால் அந்த நிலத்தில் திரியும் மான் நிலக்காரருடையது இல்லை, சட்டப்படி அது மாநில மக்களுக்குப் பொதுச் சொத்து. 8 அடி வேலி போட்ட பெரிய பண்ணைகளுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை, நமக்கோ மாட்டுக்குப் போட்ட தாழ்ந்த முள்கம்பி வேலிதான், ஓடிவரும் மானுக்கு அது ஒரு தாவல். நான் ஐந்து வருஷம் சுடாமல் விட்டு வைத்த ஆண்மான் டிசம்பரில் பெண்மான் பின்னால் உங்கள் பக்கம் வரும், நீங்கள் பரணில் உட்கார்ந்திருப்பீர்கள், அப்புறம் நானும் நீங்களும் ஒரு வருஷம் பேசிக்கொள்ள மாட்டோம். லா சால் மாவட்டத்தில் இந்த முள்காட்டுப் பக்கம் அடுத்தடுத்து இருக்கும் நாம் சங்கமாகச் சேர்ந்ததற்கு இதுதான் காரணம், மற்றதெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

கூட்டம் நான்கு முறை கூடியது, ஒரு முறை போதிய ஆள் வரவில்லை. கணக்கைப் பொருளாளர் தனியாகப் படிப்பார்.

மழை. நம் மாவட்டத் தலைநகரான கொட்டுல்லா பக்கம் ஆண்டுச் சராசரியே 20 அங்குலத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான், அதுவும் வரும்போது ஒரே நாளில் கொட்டிவிட்டு மூன்று மாதம் முகத்தைக் காட்டாது. மானுக்குப் பிடித்த பூண்டுச் செடிகள் மழை வந்தால்தான் முளைக்கும், வராவிட்டால் குவாஹியோ, கிரான்ஹேனோ மாதிரிப் புதர்த் தழையும் சப்பாத்திக்கள்ளியும்தான் சாப்பாடு. காய்ந்த காலத்தில் மான் வயிற்றைக் கிழித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதிக்கு மேல் கள்ளிக் கூழாக இருக்கும். அதனால் மாட்டுக்காகக் கள்ளியில் முள் சுட்டுப் போடுகிறவர்கள் மொத்தத் திட்டையும் அழிக்காமல் கொஞ்சம் விட்டு வையுங்கள் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். மெஸ்கீட் மரத்தைப் பற்றி ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே சண்டை. தமிழ்நாட்டில் சீமைக்கருவேலத்தைத் திட்டுகிறார்களே, அதன் நெருங்கிய சொந்தம்தான் இது, ஆனால் இங்கே இது மண்ணின் மரம், இதன் நெற்றை மானும் மாடும் காட்டுப்பன்றியும் தின்கின்றன, நிழல் இதனால்தான். முழுக்கப் பிடுங்கித் தள்ளினால் மான் போய்விடும், தொடாமல் விட்டால் புல் போய்விடும். இந்த ஆண்டு இரண்டு பண்ணைகளில் பட்டை பட்டையாக உருளை ஓட்டிப் புதரை நசுக்கினோம், இடையிடையே காட்டை அப்படியே விட்டோம். வெட்டிய இடத்தில் தளிர் வந்ததும் மான் வந்தது. கூடவே பஃபெல் புல்லும் வந்துவிட்டது, அதுதான் வருத்தம். தமிழ்நாட்டில் கொழுக்கட்டைப் புல் என்பார்களே, அதே புல்தான். மாட்டுக்கு நல்லது என்று போன நூற்றாண்டில் இங்கே விதைத்தார்கள், இப்போது காடை ஓடித் திரிய வெற்றுத் தரை இல்லாமல் மண்டிக் கிடக்கிறது.

ஹெலிகாப்டர் கணக்கெடுப்பு. ஆள் அமர்த்தியதில் கொஞ்சம் குளறுபடி நடந்தது. முதலில் பேசியிருந்தவர் தேதியைத் தள்ளிக்கொண்டே போனார், கடைசியில் வேறொருவரை வைத்துப் பறந்தோம். வந்த எண்ணைப் பார்த்து இரண்டு பேர் பயந்துவிட்டார்கள், மான் எல்லாம் எங்கே போயிற்று என்று. மேலிருந்து பார்க்கும்போது கண்ணில் படுவது ஒரு பகுதிதான், அடர்ந்த புதருக்குள் படுத்திருக்கும் மான் ஹெலிகாப்டர் சத்தத்துக்கு எழுந்திருப்பதே இல்லை. அதனால் அந்த எண்ணை மொத்தத் தொகை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே பாதையில், ஒரே உயரத்தில், வருஷா வருஷம் பறந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியும். ஆண் எத்தனைக்குப் பெண் எத்தனை, பெண்ணுக்குக் குட்டி எத்தனை என்ற விகிதம் தெரியும். இந்த முறை குட்டி குறைவு. ஜூலையில் குட்டி விழும் நேரத்தில் தாய்க்குத் தீனி இல்லை என்றால் இப்படித்தான் ஆகும்.

பெண்மான் டேக் (சுட்ட மானில் கட்டும் அனுமதிச் சீட்டு) விஷயத்துக்கு வருகிறேன், கோபப்படாமல் படியுங்கள். நம் பண்ணைகள் மாநில வனவிலங்குத் துறையின் மான் மேலாண்மைத் திட்டத்தில் இருப்பதால் சீசன் பிப்ரவரி கடைசி வரை நீள்கிறது, எத்தனை மான் என்பதை நம் கணக்கைப் பார்த்துப் பண்ணைக்கு இவ்வளவு டேக் என்று தருகிறார்கள். ஆண்மான் டேக் ஒன்றுகூட மிச்சமில்லை. பெண்மான் டேக்? பாதிக்கு மேல் அப்படியே கவருக்குள் இருக்கிறது. பெண்மானைச் சுட மனசு வரவில்லை என்று சொல்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு மனசு வராதது தோலுரிக்கிற வேலைக்குத்தான். ஒரு காடு தாங்குகிற வாய்க்கு மேல் வாய் இருந்தால் மார்ச்சில் எலும்பும் தோலுமாக நிற்பவற்றைப் பார்த்துவிட்டு என்னிடம் போன் செய்யாதீர்கள். கறி வேண்டாம் என்றால் பசித்தோருக்கு மான்கறி கொடுக்கும் திட்டம் மாநிலம் முழுக்க இருக்கிறது, அதில் சேர்ந்த கறிக்கடையில் கொடுத்தால் உணவு வங்கிக்குப் போய்விடும். காட்டு மான் கறியை விற்கக் கூடாது, அது சட்டம், அதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது தாடை எலும்பு. இதற்காகத்தான் இந்த அறிக்கையே என்று வைத்துக்கொள்ளுங்கள். சுட்ட ஒவ்வொரு மானின் கீழ்த்தாடையையும் எடுத்து, பண்ணைப் பெயர், தேதி, எடை எழுதிக் கட்டி, கேட் பக்கத்து டப்பாவில் போடச் சொல்லி மூன்று வருஷமாகக் கேட்கிறேன். போன சீசனில் டப்பாவில் கிடந்தவற்றில் பாதியில் சீட்டு இல்லை, ஒன்று காட்டுப்பன்றித் தாடை, அது யார் வேலை என்று எனக்குத் தெரியும். பல்லைப் பார்த்துத்தான் வயது. ஒன்றரை வயதில் மூன்றாவது முன்கடைவாய்ப்பல், மூன்று கூம்பு உள்ள பால்பல், விழுந்து இரண்டு கூம்புப் பல் வரும், அது தப்பவே தப்பாது. அதற்கு மேல் தேய்மானத்தை வைத்துச் சொல்வதுதான், மணல் காட்டில் சீக்கிரம் தேயும், தேர்ந்த ஆளே ஒரு வயது முன்னே பின்னே சொல்வார். அதனால் இளசு, நடுவயசு, கிழடு என்று மூன்றாகப் பிரித்தால் போதும். பிரித்துப் பார்த்ததில் தெரிந்தது என்னவென்றால், நாம் "கிழடு" என்று சொல்லிச் சுட்ட ஆண்மான்களில் பல நடுவயசு. கொம்பு முழுசாக வருவது ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள், நாம் மூன்றில் சுட்டுவிட்டு நம் காட்டில் ரத்தம் சரியில்லை என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

மட்டமான கொம்பை எல்லாம் சுட்டுத் தள்ளினால் இனம் மேம்படும் என்று ஒரு கட்சி நம் சங்கத்தில் உண்டு. கெர் மாவட்டத்து அரசுப் பண்ணையில் அடைத்து வளர்த்த மான்களை வைத்துச் செய்த ஆராய்ச்சியை அவர்கள் காட்டுவார்கள். அது அடைத்து வளர்த்த மான், எதற்கு எது ஜோடி என்பதே மனுஷன் கையில். இங்கே நம் பக்கத்துக் கோமான்சே பண்ணையில் வருஷக்கணக்காக மானைப் பிடித்து, கொம்பை அளந்து, பொறுக்கிப் பொறுக்கிக் கழித்துப் பார்த்தார்கள், திறந்த காட்டில் கொம்பு பெரிதாகவில்லை. என் கட்சி எது என்று இந்நேரம் புரிந்திருக்கும்.

அடுத்தது, தூக்கம் வராமல் செய்கிற விஷயம். ஸ்க்ரூவார்ம் ஈ. சாதாரண ஈ செத்த சதையில் முட்டை இடும், இது உயிரோடு இருக்கும் பிராணியின் புண்ணில் இடும், புழு உயிர்ச் சதையைத் தின்னும். பிறந்த குட்டியின் தொப்புள் போதும் அதற்கு. நம் மூத்த உறுப்பினர் ஒருவர் சின்ன வயதில் தினமும் குதிரையில் போய்க் கன்றுக்குட்டிகளைக் கயிறு போட்டுப் பிடித்து மருந்து தடவியதைச் சொல்வார். கன்றுக்கு மருந்து தடவலாம், மான்குட்டிக்கு யார் தடவுவது? பெண் ஈ வாழ்நாளில் ஒரே முறைதான் இணையும் என்பதைப் பிடித்துக்கொண்டு, கதிர்வீச்சில் மலடாக்கிய ஆண் ஈக்களைக் கோடிக்கணக்கில் விமானத்திலிருந்து கொட்டினார்கள். டெக்சஸில் அந்த வேலை 1962-இல் மிஷன் ஊரில் தொடங்கியது. 1972-இல் ஒருமுறை திரும்ப வந்து ஆட்டிவைத்தது, 1982-க்குப் பிறகு டெக்சஸில் இல்லை. இன்றைக்கு இந்த முள்காட்டில் இவ்வளவு மான் இருப்பதற்கு நம் தீனிப்பெட்டியைவிட அந்த மலட்டு ஈக்கள்தான் காரணம்.

அது மறுபடி வடக்கே வருகிறது. 2024 நவம்பரில் மெக்சிகோவின் சியாபஸ், 2025 செப்டம்பரில் நுவோ லியோன் மாநிலத்தின் சபீனாஸ் இடால்கோ. எல்லையிலிருந்து 70 மைல்கூட இல்லை, கொட்டுல்லாவிலிருந்து லாரடோ போகிற தூரம்தான். மெக்சிகோ மாட்டுக்கு 2025 ஜூலையில் எல்லையை அடைத்துவிட்டார்கள், எடின்பர்க் பக்கத்தில் மூர் விமானத்தளத்தில் புதிய ஈ உற்பத்திக்கூடம் கட்டப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். மான் எந்த எல்லைக் கதவையும் கேட்டு வருவதில்லை. ஆகவே, புண்ணோடு தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிற, நாற்றம் அடிக்கிற எந்தப் பிராணியைப் பார்த்தாலும், மாடோ மானோ நாயோ, முதலில் கால்நடைத் துறைக்கும் வனவிலங்கு உயிரியலாளருக்கும் சொல்லுங்கள், அப்புறம் எனக்கு. புழுவைத் தரையில் உதிர விடாதீர்கள், மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி ஈயாக எழும்பும். ஆல்கஹாலில் போட்டு வையுங்கள், பரிசோதனைக்கும் அது வேண்டும்.

மானை இளைக்க வைத்துக் கொல்லும் சிடபிள்யூடி நோய் பற்றிப் பலமுறை பேசியாயிற்று. டெக்சஸில் 2012-இல் மேற்கே மலைப்பகுதியில் முதலில் பிடிபட்டது, 2015-இல் மெடினா மாவட்டத்து வளர்ப்புப் பண்ணையில் நம் இனமான வெண்வால் மானுக்கும். மருந்து கிடையாது. தலையையும் முதுகெலும்பையும் வேறு ஊருக்குக் கொண்டுபோய் ரோட்டோரம் வீசாதீர்கள், சுட்ட இடத்திலேயே ஆழமாகப் புதையுங்கள். சோதனைக்கு மாதிரி கேட்டால் கொடுங்கள்.

நீலகாய் பார்த்ததாகத் தெற்கு வேலிக்காரர் ஒருவர் சொன்னார், படம் இல்லை. இந்தியாவின் பிராணி அது, கிங் பண்ணைக்காரர்கள் ஏறக்குறைய நூறு வருஷம் முன்பு கொண்டுவந்து விட்டது, கடற்கரைப் பக்கம் ஆயிரக்கணக்கில் பெருகிக் கிடக்கிறது. மாட்டுக் காய்ச்சல் உண்ணியைச் சுமக்கும் என்பதால் யார் பார்த்தாலும் தெரிவிக்கவும்.

வரிப் படிவம்: 1995-இல் வாக்கெடுப்பில் வந்த திருத்தத்தின்படி விவசாய வரிச் சலுகையை விடாமல் வனவிலங்குப் பயன்பாட்டுக்கு மாறலாம், ஏழு வேலைகளில் மூன்றையாவது செய்ததாகக் காட்ட வேண்டும். மதிப்பீட்டு அலுவலகத்தில் கேட்பது ரசீதும் படமும். கணக்கெடுப்பு ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று, உருளை ஓட்டியது ஒன்று, ஆக மூன்று ஆயிற்று. தொட்டிக்குச் சரிவுப் பலகை வைக்காதவர்கள் வையுங்கள், போன கோடையில் அதில் விழுந்து செத்த காடைகளை நான்தான் எடுத்துப் போட்டேன்.

1971 செப்டம்பர் 2-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த விருந்தாளியைக் கூட்டி வந்தால் வேட்டைப் பயிற்சிச் சான்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் துப்பாக்கியைக் கொடுங்கள். தாடை எலும்பு டப்பாவுக்குப் புது மூடி போட்டாயிற்று, சீட்டும் பேனாவும் உள்ளே ஒரு பையில் இருக்கின்றன. பேனாவை யாரும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

செயலாளர்