பட்டியலில் எங்களைச் சேர்த்தவர்களுக்கும் ஊசி போட்டவர்களுக்கும்

அன்புடையீர்,

கொரோனா பரவிய நாட்களில் எல்லோரையும் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். ஆனால் இறப்புச் சான்றிதழுக்கும் ஓய்வூதியத்துக்கும் உதவித்தொகைக்கும் மக்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். குப்பை அள்ளவும் குடிநீர்க் குழாயைச் சரிசெய்யவும் ஆட்கள் தெருவில் நின்றாக வேண்டியிருந்தது. அந்த வேலைகளைப் பார்த்த அரசு ஊழியர்களில் நானும் ஒருவன். எங்களுக்குத் தடுப்பூசி கிடைக்க உழைத்தவர்களுக்கு எழுதும் நன்றி மடல் இது.

முதல் நன்றி, பட்டியல் தயாரித்தவர்களுக்கு. தடுப்பூசி குறைவாக இருந்தபோது மருத்துவப் பணியாளர்களுக்கே முதலிடம் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. அது நியாயம்தான். அடுத்து யார் என்று முடிவு செய்வதுதான் கடினம். சம்பளப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் எழுதுவது எளிது. ஒப்பந்தத்தில் இருக்கும் துப்புரவுப் பணியாளர், தினக்கூலி ஓட்டுநர், இரவுக் காவலர் ஆகியோரின் பெயர்கள் அந்தப் பதிவேட்டில் இருக்காது. நோய்க்கு மிக அருகில் நின்றவர்களோ அவர்கள்தான். அவர்களைத் தேடிப்பிடித்து, அடையாள அட்டை இல்லாதவர்களுக்குக் கடிதம் வாங்கிக்கொடுத்து வரிசையில் சேர்த்தவர்களை நான் பார்த்தேன். அலுவல் நேரம் முடிந்த பிறகும் உட்கார்ந்து செய்தார்கள். யாரும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

அப்புறம் செவிலியர்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஊசி போடுவது ஒரு நொடி வேலை. உள்ளே இருப்பவர்களுக்குத்தான் அதன் கணக்கு தெரியும். ஒரே குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும். திறந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தை மறுநாளைக்கு வைக்க முடியாது. அதனால் மாலையில் பெயர் கொடுத்தவர் வராமல் போனால், தகுதியுள்ள இன்னொருவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு வரவழைத்தார்கள். ஊசி போட்ட பிறகு ஒவ்வொருவரையும் கால் மணி நேரமாவது உட்காரவைத்துக் கவனித்தார்கள். காய்ச்சல் வருமா, வேலைக்கு வரலாமா, சர்க்கரை மாத்திரை சாப்பிடலாமா என்று நாங்கள் கேட்ட ஒரே கேள்விகளுக்கு, ஒவ்வொரு முறையும் முதல் தடவை கேட்பதுபோல் பதில் சொன்னார்கள். பயந்துபோய் வாசலிலேயே நின்ற எங்கள் சக ஊழியர் ஒருவரை யாரும் அதட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள், அவரும் போட்டுக்கொண்டார். அந்தப் பொறுமைக்காகவே இன்னொரு கடிதம் எழுதலாம்.

குளிர்பெட்டிகளைச் சுமந்து வந்த ஓட்டுநர்களையும் மறக்கக் கூடாது. சில தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். சிலவற்றுக்குத் தொடக்கத்தில் மைனஸ் 70 டிகிரி அளவுக்குக் குளிர் தேவைப்பட்டது. வழியில் வெப்பம் ஏறினால் அத்தனையும் வீண். அது நடக்காமல் பார்த்துக்கொண்டவர்கள் முகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை.

எங்களுக்கு முன்னால் கை நீட்டியவர்களும் உண்டு. பைசர் நிறுவனத்தின் பெரிய தடுப்பூசிச் சோதனையில் மட்டும் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தாமாக முன்வந்தார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் போட்டது மருந்தில்லாத ஊசி. தமக்கு எது கிடைத்தது என்று தெரியாமலேயே காத்திருந்தார்கள். அந்தத் தடுப்பூசியின் அடிப்படை ஆய்வைப் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்த கத்தலின் கரிக்கோவுக்கும் டுரூ வைஸ்மனுக்கும் 2023இல் நோபல் பரிசு கிடைத்தபோது, எங்கள் வீட்டாருக்கே கிடைத்ததுபோல் மகிழ்ந்தேன்.

தடுப்பூசி வருவதற்கு முன்பே நாங்கள் இழந்த சக ஊழியர்கள் இருக்கிறார்கள். அவர்களை நினைக்காமல் இந்த நன்றியைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் இப்போதும் இருக்கிறது. அந்தக் குறை உங்கள் மேல் இல்லை. கையில் வந்த மருந்தை ஒரு நாளும் தாமதிக்காமல் எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தீர்கள்.

உங்களில் பலரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இந்த மடலை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

நன்றியுடன்,
ஓர் அரசு ஊழியர்