செயலாளரின் ஆண்டறிக்கை: ஸ்டாக் ஸ்விட்சுகள், அலுவலக நெட்வொர்க்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

இந்த ஆண்டு மாதக் கூட்டங்களில் பெரும்பகுதி ஸ்டாக் ஸ்விட்சுகளுக்கே போனது. கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் ஸ்விட்ச் பெட்டிகள் பலவற்றைக் கேபிளால் கோத்து ஒரே ஸ்விட்ச் போல ஓட்டுவதே ஸ்டாக். சந்தா, வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் வாசிப்பார்.

ஸ்டாக் போட்டுவிட்டால் நெட்வொர்க் விழாது என்று வாடிக்கையாளர் நம்புகிறார். விற்றவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். நான்கு பெட்டியைக் கோத்தாலும் மூளை ஒன்றுதான்: ஒரு பெட்டி தலைமை ஏற்று மற்றவற்றை நடத்தும். ஒன்று போனால் மற்ற மூன்றும் ஓடும், சரி. ஆனால் மென்பொருளை மாற்றும்போது பொதுவாக நான்கும் சேர்ந்தே ரீலோட் ஆகும், அதாவது அணைந்து மீண்டும் எழும். ஆகவே மாடிகளில் பயனர் பக்கத்துக்கு ஸ்டாக், எல்லா மாடிகளும் வந்து சேரும் நடு இடமான கோருக்குத் தனித்தனி மூளையோடு இரண்டு பெட்டி என்பதே செயற்குழுவின் பரிந்துரை.

செய்முறைப் பயிற்சி சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300-ஐ வைத்து நடந்தது. அதில் 8 பெட்டி வரை கோக்கலாம். பழைய 3750-இல் 9. ஸ்டாக் கேபிள் அரை மீட்டர், 1 மீட்டர், 3 மீட்டர் அளவுகளில் வருகிறது. மேல் பெட்டியின் 2ஆம் ஸ்டாக் போர்ட்டிலிருந்து அடுத்ததன் 1ஆம் போர்ட்டுக்கு என்று இறங்கி, கடைசிப் பெட்டியிலிருந்து மேலே திரும்பி வட்டத்தை மூட வேண்டும். திரும்பி வரும் அந்த நீளக் கேபிளைத்தான் ஆர்டரில் விட்டுவிடுகிறார்கள். நான்கு பெட்டிக்கு மூன்று கேபிள் போட்டாலும் எல்லாம் வேலை செய்யும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ஸ்டாக்கின் வேகம் பாதியாகிவிடும். நடுவில் ஒரு கேபிள் கழன்றால் ஸ்டாக் இரண்டாகப் பிளந்து, இரு பாதியும் ஒரே ஐபி முகவரியோடு நிற்கும். கேபிளின் இரு திருகையும் கையால் இறுக்கி, ‘ஷோ ஸ்விட்ச் ஸ்டாக்-போர்ட்ஸ்’ அடித்து, எல்லா வரியிலும் இரண்டு ‘ஓகே’ வந்த பிறகே ரேக் கதவைச் சாத்தவும்.

தலைமைப் பெட்டியைத் தேர்வு செய்யும் பிரையாரிட்டி (முன்னுரிமை எண்) 1 முதல் 15 வரை. பெட்டியோடு வருவது 1. எல்லாவற்றையும் 1-இலேயே விட்டால், எது முந்தி எழுந்தது, எதன் மேக் முகவரி (பெட்டியின் அடையாள எண்) சிறியது என்று பார்த்துத் தலைமை போய்ச் சேரும். முதல் பெட்டிக்கு 15, அதற்கு நிற்க வேண்டியதற்கு 14 கொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் தலைமை இதனால் உடனே மாறாது. அடுத்த தேர்தலில்தான் எடுபடும்.

பழுதான பெட்டியை மாற்றும்போதுதான் அதிகம் தவறுகிறது. புதியதைக் கரன்ட் கொடுக்காமல் ரேக்கில் ஏற்றி, ஸ்டாக் கேபிளை மாட்டி, கடைசியில் ஆன் செய்யவும். ஓடும் பெட்டியைக் கொண்டுவந்து சொருகினால் இரு ஸ்டாக்குகள் சேர்வதாகக் கணக்கு. தலைமைத் தேர்தலில் தோற்ற பக்கம் ரீலோட் ஆகும். தோற்பது நம் பக்கமாகவும் இருக்கலாம். மென்பொருள் பதிப்பை முன்னதாகவே சமன் செய்யவும், இல்லையேல் ‘வி-மிஸ்மேட்ச்’ என்று ஒதுங்கி நிற்கும். வேறு ஸ்டாக்கில் இருந்த பெட்டி தன் பழைய எண்ணை மறக்காது. 3 இருந்த இடத்தில் 4 என்று எழுந்தால் 3/0/12-க்கு (3ஆம் பெட்டியின் 12ஆம் போர்ட்) எழுதிய விஎல்ஏஎன் அமைப்பு (அந்த போர்ட் எந்த நெட்வொர்க் பிரிவில் சேரும் என்பது) அதற்குப் பொருந்தாது. பயனர் வேறு நெட்வொர்க்கில் விழுவார்.

கோருக்குப் போகும் அப்லிங்க் இரண்டையும் முதல் பெட்டியிலேயே சொருகுவது இன்னும் ஓயவில்லை. அந்தப் பெட்டி போனால் மற்ற மூன்றும் உயிரோடு இருந்து என்ன பயன்? ஒன்று முதல் பெட்டியில், மற்றது கடைசியில். பல இணைப்பை ஒன்றாகச் சேர்க்கும் எல்ஏசிபி முறையில் இரண்டையும் ஒரே கட்டாக்கவும். ஒரே கூடத்தின் வைஃபை ஆக்சஸ் பாயின்ட்களையும் ஒன்றுவிட்டு ஒன்றாக வெவ்வேறு பெட்டிகளுக்குப் பிரிக்கவும்.

பெட்டிக்கு இரண்டு பவர் சப்ளை, ஒவ்வொன்றும் தனி யூபிஎஸ்ஸில். ஒரு யூபிஎஸ் போனால் மற்றது முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும். 30 வாட் போஇ (நெட்வொர்க் கேபிள் வழியே போகும் மின்சாரம்) கேட்கும் 24 போர்ட் என்றால் 720 வாட். ஸ்விட்ச் தனக்குத் தின்பது வேறு. ஒற்றை சப்ளையில் இந்தக் கணக்கு நிற்காவிட்டால் முதலில் அணைவது மேசைத் தொலைபேசியும் கேமராவும்.

ஒப்படைக்கும் முன் தலைமைப் பெட்டியின் இரண்டு பவர் கேபிளையும் பிடுங்கி, மற்றொரு பெட்டியில் இருக்கும் கணினியிலிருந்து பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) ஓடவிட்டுப் பாருங்கள். “நல்லா ஓடுறதை ஏன் சார் நோண்டுறீங்க?” என்பார்கள். வேலை நேரத்துக்கு முன் செய்துவிட்டால் அந்தக் கேள்வியும் வராது.

சங்கத்தின் இரவல் பொருள்களில் இருந்த 3 மீட்டர் ஸ்டாக் கேபிள் இன்னும் திரும்பவில்லை. பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது, பெயர்தான் படிக்க முடியவில்லை. எடுத்தவர் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவரவும்.

இவண்,
செயலாளர்