ரால்ஃப் பன்ச்: விருதுக்கு முந்தைய வேலை

ஆசிரியருக்கு,

அமெரிக்கரான ஐ.நா. அதிகாரி ரால்ஃப் பன்ச் குறித்துத் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரை, 1950இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர் என்பதோடு அவரை முடித்துவிட்டது. 'முதல்' என்ற அடைமொழி அவருடைய தொழில்திறனை மறைத்துவிடுகிறது. 1948 செப்டம்பரில், அரபு-இஸ்ரேல் போரை நிறுத்த முயன்ற ஐ.நா. மத்தியஸ்தர் பெர்னடோட் ஜெருசலேமில் சுட்டுக் கொல்லப்பட, அந்தப் பொறுப்பு பன்ச்சிடம் வந்தது. அரபு நாடுகளை ஒன்றாக உட்காரவைக்காமல், ஒவ்வொன்றையும் இஸ்ரேலுடன் தனித்தனியே பேசவைத்தார். ரோட்ஸ் தீவில் எகிப்துடனான பேச்சைத் தொடங்கியபோது, எல்லைக்கோட்டைத் தொடுமுன் வெறும் நிகழ்ச்சி நிரலுக்கே இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்கினார். எதிரியைச் சந்திப்பதும் கையெழுத்திடுவதும் முதலில் பழக வேண்டும் என்பது அவர் கணக்கு. பேச்சுவார்த்தைப் பயிற்சி வகுப்புகளில் மாணவர்கள் சறுக்கும் இடமும் இதுவே. ஆகக் கடினமான சிக்கலை முதல் நாளே எடுத்து, மதியத்துக்குள் முட்டிக்கொண்டு நிற்பார்கள்.

எகிப்து 1949 பிப்ரவரி 24 அன்று இஸ்ரேலுடனான போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. லெபனான் மார்ச்சிலும் ஜோர்டான் ஏப்ரலிலும் தொடர்ந்தன. சிரியாவுக்கு ஜூலை 20 வரை ஆனது. அதே ஆண்டு அமெரிக்க வெளியுறவுத் துறையில் உயர்பதவி தேடி வந்தபோது, நிறப்பாகுபாடு நிலவிய வாஷிங்டனில் குடியேற மனமின்றி மறுத்தார் என்பதைக் கட்டுரை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம். நான்கு உடன்படிக்கைகளும் உருவான வரிசையைத் தேதிகளுடன் ஒரு கட்டச் செய்தியாக வெளியிட்டால், அரசியல் அறிவியல் மாணவர்களுக்கு நேரடியாகப் பயன்படும்.