கம்பத்துப் பள்ளியின் தாழ்வாரத்தைத் திறந்துவிடுங்கள்

மரபுக் கட்டடங்களைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்துப் பழைய கம்பத்துப் பள்ளியில், அதாவது கிராமத்துப் பள்ளியில், நடக்கும் வேலை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கட்டடத்தை இடிக்காமல் வாடகைக்கு விட்டதற்கு நன்றி. ஆனால் போன மாதம் தாழ்வாரத்தை முழுக்கக் கண்ணாடி வைத்து அடைத்துவிட்டார்கள். அதைத் திறந்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அந்தத் தாழ்வாரம் அழகுக்காகக் கட்டியதல்ல. மின்விசிறிகூட இல்லாத காலத்தில் வகுப்பறை வெந்துபோகாமல் காத்தது அதுதான். வெயிலும் சாரலும் சுவரைத் தொடாதபடி கூரை முன்னால் நீண்டு இறங்கும். சுவரின் உச்சியில், ஓட்டுக்குக் கீழே, குறுக்கும் நெடுக்குமாக மரப்பட்டி அடித்த இடைவெளி. சூடு மேலே ஏறி அதன் வழியாக வெளியேற, சன்னலில் காற்று உள்ளே வரும். இப்போது உட்கூரைப் பலகை அந்த இடைவெளியை மூடிவிட்டது. போதாக்குறைக்குச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் எமல்ஷன் பெயிண்ட். சுவரின் ஈரம் எங்கே போகும்? சன்னலுக்குக் கீழே பெயிண்ட் உப்பி நிற்கிறது. விரலால் தொட்டேன், சுண்ணாம்பு மாவாக உதிர்ந்தது.

அங்கே படித்தவர்களில் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். மாலையில் தாழ்வாரத்துத் திண்டில் உட்கார்ந்து பேசுவார்கள். இப்போது கண்ணாடிக்கு வெளியே, குளிர்சாதனக் கருவி கக்கும் சூட்டில் நிற்கிறார்கள். படித்த பள்ளியில் உட்கார இடமில்லை.

முடிந்தவரை தக்கவைப்பது, பொருத்தமாகப் புதுப்பிப்பது, கவனமாகப் பழுதுபார்ப்பது என்று நம் நாட்டுப் பாதுகாப்பு நெறிகளே சொல்கின்றன. 7,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அப்படிக் காக்கப்பட்டிருக்கின்றன. எங்கள் பள்ளி அந்தப் பட்டியலில் இல்லை என்பீர்கள். சரி, பட்டியலில் இல்லாத சுவரும் சுண்ணாம்புச் சுவர்தானே? கடைவீடுகளுக்குக் காட்டும் அக்கறையில் கொஞ்சம் கம்பத்துப் பள்ளிகளுக்கும் காட்டக் கூடாதா? புலாவ் உபின் தீவில் 1952இல் கட்டிய பின் கியாங் பள்ளி 1985இல் மூடப்பட்டு, 2000இல் இடிக்கப்பட்டது. தமிழ்வழிப் பள்ளிகளின் காலம் 1982இல் உமறுப்புலவர் பள்ளியோடு முடிந்தது. இனி பேரப்பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு இருப்பவரை வெளியேற்றச் சொல்லவில்லை. தாழ்வாரத்தைத் திறந்துவிடுங்கள், உட்கூரையைக் கழற்றச் சொல்லுங்கள். அடுத்த குத்தகை ஒப்பந்தத்தில் இதை நிபந்தனையாகவே எழுதிவிடுங்கள். அதற்கு முன் பிற்பகல் வெயிலில் ஒருமுறை நேரில் வந்து பாருங்கள். நாங்கள் உடன் வருகிறோம்.

பணிவுடன்,
பழைய மாணவர் ஒருவர்