கம்பி போன வழி

அன்பு மகளுக்கு,

"ஸ்டென்ட் வைத்தாயிற்று, எல்லாம் சரி" என்று போனில் சொன்னேன். பொய்யில்லை, ஆனால் அது பாதிதான். அம்மா அனுப்பிய டிஸ்சார்ஜ் பேப்பரில் 'ஃபிஸ்டுலா' என்று பார்த்துவிட்டு நீ நடுராத்திரியில் அழைத்தபோதும் மழுப்பிவிட்டேன். எனக்கு எழுதினால்தான் ஒழுங்காகச் சொல்ல வரும்.

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் வலது பக்கக் குழாயில் இருந்தது பழைய அடைப்பு, முழு அடைப்பு. குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாயான ஸ்டென்டை வைக்க, அதற்குள் முதலில் ஒரு கம்பியை நுழைக்க வேண்டும். தடிமன் 0.36 மில்லிமீட்டர்தான், தையல் ஊசியைவிட மெலிது. இறுகிப்போன அடைப்பு என்பதால் விறைப்பான கம்பியாக எடுத்தார்கள். அது ஒரு பக்கக் கிளைக்குள் வழி தவறிப் போய், குழாய்ச் சுவரையும் தசையையும் துளைத்து இதயத்தின் வலது கீழறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டது. எனக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை, நானும் திரையைப் பார்த்துக்கொண்டுதான் கிடந்தேன். குழாய் திரையில் தெரிவதற்காகச் செலுத்திய, குழாயோடு போக வேண்டிய சாயம் புகை மாதிரி அறைக்குள் பரவியது. அதுவரை பேசிக்கொண்டே இருந்த டாக்டர் பேச்சை நிறுத்தினார். அப்போதுதான் பயந்தேன்.

அந்தக் குழாயில் போகும் ரத்தம் சன்னக் குழாய்களில் பிரிந்து தசைக்கு ஊட்டிவிட்டுச் சிரை வழியாகத் திரும்ப வேண்டியது. கடைமடைக்குப் போகும் தண்ணீர் நடுவில் உடைப்பெடுத்து ஓடுகிற மாதிரி, கொஞ்சம் இப்போது நேராக அறைக்குள் விழுகிறது. ஃபிஸ்டுலா என்பது இந்த உடைப்புதான்.

துளை வெளிப்பக்கம் விழுந்திருந்தால், இதயத்தைச் சுற்றிய உறைக்குள் ரத்தம் தேங்கி இதயத்தையே நெரித்திருக்கும். அது நிமிடக் கணக்கில் ஆளைச் சாய்ப்பது. எனக்கு உள்பக்கம் போனதால் தப்பித்தேன். பலூனை ஊதிச் சில நிமிடம் அழுத்திப் பிடித்தார்கள். கசிவு குறைந்தது, நிற்கவில்லை. எக்கோ என்கிற இதய ஸ்கேனில் உறைக்குள் நீர் இல்லை.

ஏன் கசிவை அடைக்காமல் அனுப்பினார்கள் என்று கேட்டாய். உறை போட்ட ஸ்டென்ட் வைக்கலாம், அது பக்கத்துக் கிளைகளையும் மூடிவிடக்கூடும். சுருள் கம்பியால் அந்தக் கிளையை அடைக்கலாம், அதை நம்பியிருக்கும் தசை பட்டினி கிடக்கும். சின்னக் கசிவுகள் பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும், இல்லாவிட்டால் தொந்தரவில்லாமல் கிடக்கும் என்கிறார் டாக்டர். பெரிதானால் தசைக்குரிய ரத்தத்தைத் திருடும்; நெஞ்சு வலி, மூச்சு வாங்கல் வரும், நாள்பட இதயமும் களைக்கும். அப்போது அடைத்தே தீர வேண்டும். எனக்கு இதுவரை அப்படி எதுவும் இல்லை. மாடிப்படி ஏறினேன் (அம்மாவுக்குத் தெரியாது).

ரத்தம் கசியும்போது உறையாமல் தடுக்கும் மாத்திரை எதற்கு என்றும் கேட்டாய். நானும் அதையேதான் டாக்டரிடம் கேட்டேன். நிறுத்தினால் புது ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளலாம், இந்தக் கசிவைவிட அதுதான் ஆபத்து என்றார். அதனால் ஒரு வேளைகூடத் தவறவில்லை.

யார் தப்பு என்கிறாய். எனக்குக் கோபம் வரவில்லை. கெட்டியான அடைப்பில் கம்பி துளைப்பது தெரிந்த ஆபத்துதான், ஒப்புதல் படிவத்திலும் இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான். ஆனால் ஒன்று, நடந்ததை வார்டுக்கு வந்ததும் டாக்டரே உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். பேப்பரைப் பார்த்து நாங்களாகக் கேட்ட பிறகுதான் சொன்னார். அது எனக்குக் குறைதான்.

சரி, நானும் உன்னிடம் அதையேதான் செய்திருக்கிறேன்.

அடுத்த மாதம் மறுபடி எக்கோ. லீவு போட்டு ஓடி வராதே. ரிப்போர்ட் வந்ததும் இந்த முறை நானே அனுப்புகிறேன், எல்லாப் பக்கத்தையும்.

அன்புடன்,
அப்பா