பொகவந்தலாவையில் ஒரு கமராக்காரி

ஹட்டன்
வெள்ளிக்கிழமை இரவு

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. பதில் பிந்திவிட்டது, மனதில் வைக்காதே. வலது கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது என்று எழுதினேனே, அதற்கு ஆப்பரேஷன் முடிந்தது. இரண்டு வாரம் எழுதக்கூடாது, படிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது நன்றாகத் தெரிகிறது. கட்டு அவிழ்த்த அன்று சுவர்க் கலண்டரில் இருந்த சின்ன எழுத்தை வாசித்துக் காட்டினேன், இவள் அழுதே விட்டாள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கோத்தகிரிக் குளிருக்கு எண்ணெய் தேய்த்துத் துணி சுற்றிக்கொண்டு படு. பேத்திக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்த செய்தியை வீட்டில் எல்லாருக்கும் சொன்னேன். நம் இரண்டு குடும்பத்திலும் வெள்ளை உடுப்புப் போடப்போகும் முதல் பிள்ளை அவள்தான். தாத்தா மனதார வாழ்த்தினார் என்று சொல்.

உன் அம்மாவைப் பற்றி நீ எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆப்பரேஷனுக்கு முன்பிருந்தே மனதில் கிடந்து உருள்கிறது.

பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயம் ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பக்கம் எத்தனை தடவை போயிருப்போம். அதன் வளவில் ஒரு துரைசாணி அடக்கமாகியிருக்கிறார். பெயர் ஜூலியா மார்கரெட் கமரன். மனித முகத்தைப் படம் பிடித்தவர்களில் உலகமே முதல் வரிசையில் வைக்கும் ஆள். நாற்பது வருஷம் இந்த ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற தூரத்தில் இப்படி ஒருவர் படுத்திருப்பது எனக்குத் தெரியாமலே போய்விட்டது. கொழும்பில் இருக்கும் பேரன்தான் போனில் அவருடைய படங்களைக் காட்டினான்.

கமரன் என்ற பெயர் உனக்குப் புதிதில்லை. சரித்திரப் பாடத்தில் கோல்புறூக்–கமரன் ஆணைக்குழு என்று பாடமாக்கினோமே, இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை ஒழித்தது, 1833 சீர்திருத்தம் என்றெல்லாம். அந்தக் கமரனின் மனைவிதான் இவர். பிறந்தது 1815-ல், கல்கத்தாவில். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தர், அம்மா பிரெஞ்சு வழி. தன்னை விட இருபது வயது மூத்தவரான சார்ல்ஸ் ஹே கமரனை 1838-ல் கல்யாணம் செய்திருக்கிறார். பத்து வருஷம் கழித்து எல்லாருமாக இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள். வைட் தீவில் ஃப்ரெஷ்வாட்டர் என்ற ஊரில், கவிஞர் டெனிசன் வீட்டுக்குப் பக்கத்தில் வீடு வாங்கினார்கள். அந்த வீட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? டிம்போலா. நம் திம்புள்ளைதான் மச்சான். இங்கே அவர்களுக்கு இருந்த கோப்பித் தோட்டத்தின் நினைவு.

கமராவைக் கையில் எடுத்தபோது அவருக்கு வயது 48. ஆறு பிள்ளைகளைப் பெற்றவர். 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள், தனியாக இருக்கும்போது பொழுது போகட்டும் என்று. அவர் நிலக்கரிக் கொட்டிலை இருட்டறையாக்கினார், கோழிக்கூட்டைக் கண்ணாடி ஸ்டூடியோவாக்கினார். 1864 ஜனவரியில் ஆனி என்ற சின்னப் பெண்ணின் படம் முதன்முதலாகச் சரியாக வந்தது. அந்தப் படத்தைப் பிள்ளைதான் எடுத்துக் கொடுத்தது போல இருந்தது என்றும், அவளுக்குக் கொடுக்கப் பரிசு தேடி வீடு முழுக்க ஓடினேன் என்றும் அவரே எழுதி வைத்திருக்கிறார். எனக்கும் முதல் பிரின்ட் தண்ணீருக்குள் மெல்ல மெல்ல எழும்பி வந்த நாள் ஞாபகம் வந்தது. அந்தச் சிவப்பு லைட்டின் கீழே நீயும் பக்கத்தில் நின்றாய்.

அந்தக் காலத்துப் படம் எடுப்பது நம் ஃபிலிம் வேலை மாதிரி இல்லை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையை ஒரே சீராக ஊற்றிப் பரப்ப வேண்டும். இருட்டறையில் அதை வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காயுமுன் கமராவில் போட்டுப் படம் எடுத்து, அந்த ஈரத்திலேயே கழுவியும் விட வேண்டும். காய்ந்தால் போச்சு. தூசி ஒட்டும், பசை கிழியும், விரல் ரேகை பதியும். கை கறுத்துப் போய்விடும், லேசில் போகாது. இவர் முதலில் சின்னத் தகட்டில் தொடங்கி, பிறகு 15-க்கு 12 அங்குலத்துக்குப் போயிருக்கிறார். ஒரு சாப்பாட்டுத் தட்டை விடப் பெரியது. அதை ஈரத்தோடு தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், நீளப் பாவாடையோடு. முன்னால் உட்கார்ந்தவர் மூன்று நிமிஷத்திலிருந்து ஏழு நிமிஷம் வரை அசையாமல் இருக்க வேண்டும்.

அவர் படங்கள் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். பேரன் காட்டியபோது என் கண்தான் மறைக்கிறது என்று நினைத்தேன். ஆப்பரேஷன் முடிந்து திரும்பப் பார்த்தேன், படம் அப்படியேதான் இருந்தது! அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காலத்து போட்டோ சங்கத்தார் இதற்காகவே அவரை ஏசினார்கள், ஃபோகஸ் இல்லை, கறை இருக்கிறது, வேலை தெரியாதவர் என்று. அவர் சளைக்கவில்லை. வானியல் அறிஞர் ஹேர்ஷலுக்கு 1864-ல் எழுதிய கடிதத்தில், ஃபோகஸ் என்றால் என்ன, இதுதான் சரியான ஃபோகஸ் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். லென்ஸைத் திருப்பிக்கொண்டு வரும்போது கண்ணுக்கு எந்த இடத்தில் அழகாகத் தெரிகிறதோ அங்கேயே நிறுத்திவிடுவாராம். கீறல் விழுந்த தகட்டையும் வெடித்த தகட்டையும் கூட அச்சிட்டிருக்கிறார். முகச் சுருக்கத்தை மழுப்பும் வழக்கம் அவரிடம் இல்லை.

என் முதலாளி எனக்குக் கற்றுக் கொடுத்தது இதற்கு நேர்மாறு. பென்சிலைக் கூராகச் சீவி, நெகட்டிவில் இருக்கும் சுருக்கத்தையெல்லாம் புள்ளி புள்ளியாக மூட வேண்டும். டச்சிங் என்போமே, அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தேன். எத்தனையோ கிழவிகளின் நெற்றியை மொழுமொழு என்று ஆக்கியிருக்கிறேன். வெயிலிலும் மழையிலும் ஐம்பது வருஷம் கூடை சுமந்த நெற்றி. இப்போது நினைத்தால் நெஞ்சு உறுத்துகிறது.

அந்த ஹேர்ஷலின் படம்தான் எனக்கு எல்லாவற்றிலும் பெரியது. படத்தை அழியாமல் நிறுத்தும் ஹைப்போ என்ற உப்பு வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று கண்டுபிடித்த மனுஷன் அவர்தான். போட்டோகிராஃபி என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தவரும் அவரே. நாம் கை நனைத்த ஹைப்போ அவர் தந்தது. 1867-ல் துரைசாணி அவர் வீட்டுக்கே கமராவைக் கொண்டு போய், தலை முழுக வைத்து, நரைமுடியைக் கலைத்துவிட்டு, கறுப்புத் துணி போர்த்தி எடுத்திருக்கிறார். சுற்றிலும் இருட்டு. மேலேயிருந்து வெளிச்சம் முடியில் பட்டு நெருப்பு மாதிரி நிற்கிறது. கண் இரண்டும் ஈரமாக, நட்சத்திரம் பார்த்துப் பார்த்துக் களைத்த கண். நாற்காலி இல்லை, பூச்சாடி இல்லை, பின்னால் திரை இல்லை. முகம் மட்டும்தான். மற்ற ஸ்டூடியோக்காரர்கள் ஆளை முழுசாக நிறுத்தி, தூணில் கை வைக்கச் சொல்லி, சின்ன அட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. டார்வின் 1868-ல் அந்த ஊருக்குப் போய் அவர்களுடைய வீடொன்றில் வாடகைக்கு இருந்தபோது இவர் எடுத்த படத்தை, மற்ற எல்லாப் படங்களையும் விட மிகவும் பிடித்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

பெரிய ஆட்களை மட்டும் எடுத்திருந்தால் எனக்கு இவ்வளவு பிடித்திருக்காது. வீட்டில் வேலை செய்த மேரி ஹில்லியர் என்ற பெண்ணைத்தான் மாதாவாக உட்கார வைத்துத் திரும்பத் திரும்ப எடுத்தார். மேரி ரையன் என்ற இன்னொரு பெண், அம்மாவோடு தெருவில் பிச்சை கேட்டு நின்ற பிள்ளை. அவளைக் கூட்டி வந்து படிக்க வைத்து, வீட்டு வேலையும் கொடுத்து, படமும் எடுத்தார். லண்டன் கண்காட்சியில் அந்தப் படத்தைப் பார்த்த ஹென்றி கொட்டன் என்ற இளைஞர் 1867-ல் அவளையே கல்யாணம் செய்துகொண்டார். அவர் யார் தெரியுமா? 1904-ல் பம்பாயில் நடந்த இந்தியக் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். இதை உன் மருமகனுக்குச் சொல், சரித்திரம் படிப்பிக்கிற ஆள், சந்தோஷப்படுவார்.

அப்புறம் கோப்பி விழுந்தது. 1869-ல் வந்த இலை நோய் தோட்டங்களைத் தின்றுகொண்டிருந்தது. பணமும் நெருக்கடி, பையன்களும் இங்கேதான் இருந்தார்கள். கிழவருக்கும் இலங்கை மீது தீராத ஆசை. 1875-ல் கப்பல் ஏறினார்கள். இரண்டு பிணப்பெட்டிகளையும் கூடவே கொண்டு போனார்கள் என்றும், அதற்குள் பீங்கான் சாமான் அடைத்திருந்தார்கள் என்றும் அவர் குடும்பத்தில் சொல்லி வந்திருக்கிறார்கள். களுத்துறையில் கடற்கரையை ஒட்டி ஒரு வீடு, மலையில் மகன்மாரின் தோட்டம், இரண்டுக்கும் இடையில் போக்குவரத்து.

இங்கே வந்த பிறகு படம் குறைந்துவிட்டது. 2003-ல் வந்த முழுத் தொகுப்பில் அவருடைய படங்கள் ஆயிரத்து இருநூறுக்கும் மேல். அதில் இலங்கையில் எடுத்ததாக மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. இந்த வெக்கையில் கொலோடியன் எவ்வளவு நேரம் ஈரமாக நிற்கும் என்று நீயே யோசித்துப் பார். 1877-ல் களுத்துறைக்கு வந்த மரியான் நோர்த் என்ற செடிகொடி ஓவியர் எழுதியிருக்கிறார்: உச்சி வெயிலில் தன் மேல் கம்பளித் துணியைப் போர்த்தி, முடியை அவிழ்த்துவிட்டு, தென்னோலைக்கு நடுவில் நிறுத்தினாராம். ஒரு வேலையாளின் முதுகு அழகாக இருக்கிறது என்பதற்காகவே, தோட்டமே இல்லாத வீட்டுக்கு அந்த ஆளைத் தோட்டக்காரனாக மகனை வைத்து வேலைக்கு எடுத்தாராம்.

அந்த முப்பதில்தான் நம் ஆட்கள் இருக்கிறார்கள் மச்சான். தோட்டத்து வேலையாட்களும் களுத்துறைக் கிராமத்து ஆட்களும். ஒரு படத்தில் ஒரு முதியவரும் இரண்டு பெண்களும் நிற்கிறார்கள். பெண்ணுக்கு வயது பன்னிரண்டு, தான் அவளுடைய தகப்பன், தனக்கு வயது நூறு என்று கிழவர் சொல்வதாகத் துரைசாணி அதில் எழுதி வைத்திருக்கிறார். வயதைக் கேட்டிருக்கிறார், உறவைக் கேட்டிருக்கிறார், பெயரை எழுதவில்லை. மேரி ஹில்லியருக்கு மேரி ஹில்லியர் என்று பெயர் இருக்கிறது. நம் ஆட்களுக்கு, தொழிலாளர், கிராமத்தார், இலங்கைப் பெண், அவ்வளவுதான். பிச்சைக்கார வீட்டுப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த கைக்கு இங்கே அது வரவில்லை. தமிழா சிங்களமா என்று கூடச் சில படங்களில் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தப் பார்வை எனக்குத் தெரியும். துரை பங்களா வாசலில் கூப்பிட்டு நிறுத்தினால் எப்படி நிற்போமோ அப்படி நிற்கிறார்கள்.

அவர் மேல் கோபம் வரவில்லை, கவலைதான் வந்தது. இவரைப் போல நம்மை அதற்கு முன் யாரும் அவ்வளவு கிட்ட நின்று பார்த்ததில்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது.

1879 ஜனவரி 26-ம் தேதி டிக்கோயாப் பக்கம் கிளென்கெய்ர்ன் தோட்டத்தில் இறந்தார். வயது 63. அழகு என்பதுதான் கடைசியாகச் சொன்ன வார்த்தையாம். அடுத்த வருஷம் கிழவரும் போய்ச் சேர்ந்தார், பக்கத்திலேயே அடக்கம். துரைசாணியின் பெறாமகளின் மகள்தான் எழுத்தாளர் வெர்ஜீனியா வூல்ஃப். அவர் 1926-ல் அந்தப் படங்களைப் புத்தகமாகப் போட்ட பிறகு உலகம் திரும்பவும் பார்க்கத் தொடங்கியது. ஃப்ரெஷ்வாட்டர் வீடு இன்று காட்சிசாலை.

போன ஞாயிறு பேரனைக் கூட்டிக்கொண்டு பொகவந்தலாவைக்குப் போனேன். மழை விட்டிருந்தது. கல்லறைக்குப் பக்கத்தில் புல்லில் கொஞ்ச நேரம் இருந்தேன். சுற்றிலும் தேயிலை. போகும்போது வீட்டுச் செம்பரத்தைப் பூ நாலைந்து பறித்துக்கொண்டு போனேன், அதை வைத்தேன். ஒரே தொழில் செய்தவர்கள் அல்லவா?

இனி உன் அம்மா விஷயம். அம்மாவின் ஒரு படமும் கையில் இல்லை, பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த சின்னப் படம்தான், அதுவும் மங்கிப் போய்விட்டது என்று எழுதியிருந்தாய். அந்தப் படம் நான் எடுத்தது. எடுபிடிப் பையனாக இருந்த எனக்கு அந்த வருஷம்தான் முதலாளி கமராவைத் தொட விட்டார். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா போகிற தோட்டத்துக் குடும்பங்கள் காலையிலிருந்து ஸ்டூடியோ வாசலில் வரிசையாக நின்றன. நான் ஒவ்வொருவராக உட்கார வைத்து, நிமிர், ஆடாதே, மூச்சைப் பிடி என்று அதட்டி, ஆளுக்கு ஒரு நிமிஷம் கூடக் கொடுக்காமல் அனுப்பினேன். உன் அம்மாவையும் அப்படித்தான். வயது வித்தியாசம் பார்க்காமல் அதட்டினேன், அவர் ஒன்றும் சொல்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம், எல்லாரும் அழுததால் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்த அந்த ரயிலில் நீங்கள் எல்லாரும் தலைமன்னாருக்குப் போனீர்கள்.

நெகட்டிவ் எல்லாம் பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டது, ஒன்றும் மிஞ்சவில்லை. இந்த ஊர் ஈரம் அப்படி. பில் புத்தகங்கள் மட்டும் தகரப் பெட்டியில் இருந்தன. கண் தெளிந்ததும் முதல் வேலையாக அதைத் திறந்தேன். பெயர், தோட்டம், எத்தனை பிரதி, எவ்வளவு காசு, எல்லாம் முதலாளியின் கையெழுத்தில் இருக்கிறது. 1974 புத்தகத்தில் உன் அப்பா பெயர், அம்மா பெயர், நீ, தங்கச்சி, நாலு பேர், ஆளுக்கு மூன்று பிரதி. அம்மா பெயருக்கு நேரே பணம் பாக்கி என்று எழுதி, பிறகு அதைக் கோடிட்டு அடித்திருக்கிறது.

அந்தப் பாஸ்போர்ட்டை வெயில் படாமல் ஒரு கடிதாசி உறையில் போட்டு வை. படத்தைப் பிரித்தெடுக்க முயற்சி செய்யாதே, தண்ணீரும் காட்டாதே. பேத்தியிடம் சொல்லி, ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் வைத்து, போனில் எவ்வளவு கிட்டப் பிடிக்க முடியுமோ அவ்வளவு கிட்டப் பிடித்து அனுப்பச் சொல். இங்கே பேரன் கம்ப்யூட்டரில் பெரிதாக்கித் தருகிறேன் என்கிறான். சுருக்கம் எதையும் அழிக்கக்கூடாது என்று அவனிடம் சொல்லிவிட்டேன். அடியில் அம்மாவின் முழுப் பெயரை எழுத வேண்டும். பில் புத்தகத்தில் முதலெழுத்து தெளிவாக இல்லை, அதையும் எழுதி அனுப்பு.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்